எட்டாம் இடம்

டலூத், மின்னசோட்டா
1992 ஜனவரி 13

மதிப்பிற்குரிய வெர்னா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. டூசானில் கையுறை இல்லாமல் காலை நடை போகிறீர்கள், இடுப்பு வலி குறைந்திருக்கிறது என்று படித்ததில் உண்மையிலேயே மகிழ்ச்சி. இங்கே ஏரி, கரையிலிருந்து கண்ணுக்கு எட்டும் தூரம் வரை உறைந்துவிட்டது. கப்பல் எதுவும் இல்லாததால் தூக்குப் பாலம் தூக்க வேலையில்லாமல் நிற்கிறது.

உங்கள் வீடு நலமாக இருக்கிறது. திங்களும் வியாழனும் போய்ப் பார்க்கிறேன். அடுப்படிக் குழாயை மெல்லச் சொட்டும்படி விட்டிருக்கிறேன், தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்காமல் இருக்கும். பின்வாசலில் மறைந்த உங்கள் கணவர் ஆணியடித்து மாட்டிய வெப்பமானி இன்னும் இரண்டு பாகை கூட்டித்தான் காட்டுகிறது. வானிலை அலுவலகத்தில் காலம் தள்ளியவனுக்கு அதைத் திருத்தாமல் வருவது சற்றுக் கடினம். ஆனால் அது உங்கள் வீட்டுப் பொருள். மனத்துக்குள்ளேயே கழித்துக்கொள்கிறேன்.

இனி உங்கள் பெரிய செய்திக்கு வருகிறேன். திரு. டெல்மர் அவர்களோடு உங்கள் குடியிருப்பின் உணவுக்கூடத்து மேசையில் நம் ஆட்டத்தை ஆடி, இருபத்தைந்து இலக்கங்கள் வரை போய்விட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணைப் பக்கத்தின் குறுக்கே முழுதாக எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டிருக்கிறீர்கள்.

3608528850368400786036725

இதைவிட நீளமான எண் இந்த ஆட்டத்தில் இல்லவே இல்லை, கணினியை வைத்து எல்லா வழிகளையும் தேடிப் பார்த்துவிட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது எனக்குத் தெரியாது. நீங்கள் பள்ளியில் கணக்கு கற்பித்தவர். உங்களுக்கு இதெல்லாம் முன்பே தெரிந்திருக்கும். வாழ்த்துகள். திரு. டெல்மருக்கும் சொல்லுங்கள். பல் மருத்துவராக இருந்தவர் என்பதால், கடைசிவரை பிடுங்கிப் பார்க்கும் பொறுமை அவருக்கு இருக்கும்.

சனிக்கிழமை கடையில் காப்பி குடிக்கும்போது ஹாலிஸிடம் சொன்னேன். இரும்புத்தாதுக் கப்பலில் எஞ்சின் பார்த்துவிட்டு வந்த அவனுக்கு ஆறுக்கு மேல் வகுத்தல் பிடிக்காது. ஆனாலும் விவரம் கேட்டான். சர்க்கரைப் பொட்டலங்களை வரிசையாக வைத்துக் காட்டினேன். ஒருவர் ஓர் இலக்கம் வைக்கிறார். அடுத்தவர் அதன் வலப்பக்கம் இன்னொன்று வைக்கிறார். அந்த இரண்டிலக்க எண் இரண்டால் வகுபட வேண்டும். மூன்றாவதை வைத்தால் அந்த மூன்றிலக்க எண் மூன்றால், நான்காவதை வைத்தால் முழு எண்ணும் நான்கால். இப்படியே போய், வைப்பதற்கு இலக்கம் கிடைக்காதவர் தோற்றவர். பத்தைத் தாண்டினால் மண்டை காய்ந்துவிடுமே என்றான். இல்லை, பத்தைத் தாண்டினால் யோசிக்கவே தேவையில்லை, ஓர் இடத்தில் ஓர் இலக்கத்துக்கு மேல் பொருந்தவே பொருந்தாது, பல சமயம் அதுவும் இருக்காது என்றேன்.

அதற்கு அவன், "அப்ப பத்துக்கு மேல கல்யாணம் பண்ணிக்கிட்ட மாதிரின்னு சொல்லு. கிடைச்சதோட ஓட்ட வேண்டியதுதான்" என்றான். பிறகு, "ஏம்ப்பா, நீ இந்த ஆட்டத்த அந்தம்மாவோட எத்தன வருஷமா ஆடற?" என்று கேட்டான். சொன்னேன். "ரெண்டு தெரு தள்ளி இருந்தவங்களுக்கு ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பிக்கிட்டு இருந்தவன் நீ. அந்தாளு பாரு, சூப் ஆறுறதுக்குள்ள முடிச்சிட்டான்" என்றான். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அஞ்சலில் ஆடுவதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஒருமுறை நீங்கள் எனக்கு அனுப்பிய ஒரு 4-ஐத் திரும்பப் பெறலாமா என்று கேட்டீர்கள். பெட்டியில் விழுந்த இலக்கம் விழுந்ததுதான், அதுதான் விதி என்று நான் பதில் எழுதினேன். மேசையில் ஆடுகிறவர்கள் அப்படியெல்லாம் இருப்பார்களா, தெரியவில்லை.

வீட்டை விற்பது பற்றிப் பிப்ரவரி முடிவுக்குள் தீர்மானிக்க வேண்டும், அதற்குள் தரகர் வந்தால் சாவியைக் கொடுத்துவிடுங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி. குளிர்காலம் முடியும்வரை என்று சொல்லிப் போனீர்கள் என்பது என் நினைவு. நினைவு பிழையாகவும் இருக்கலாம். உங்கள் மகள் பக்கத்தில் இருப்பது நல்லதுதான். அங்கே இரண்டு படுக்கையறை உள்ள வீடு ஒன்று காலியாகிறது, ஒருவருக்கு அது அதிகம் என்று திரு. டெல்மர் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். ஒருவருக்கு அதிகம்தான். அவர் மேலே என்ன சொன்னார் என்று நீங்கள் எழுதவில்லை.

இன்னொன்று. சின்ன விஷயம். கடிதத்தின் அடியில், கையெழுத்துக்குக் கீழே, இலக்கம் இல்லை. பின்பக்கமும் பார்த்தேன். உறையின் உள்ளேயும் பார்த்தேன். நம் ஆட்டத்தில் ஐந்தாம் இடம் உங்களுடையது. பூஜ்யமோ ஐந்தோதான் அங்கே நிற்கும், பெரிதாக யோசிக்க ஒன்றுமில்லை. அவசரத்தில் விட்டுப்போயிருக்கும்.

உடல்நலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்றும் மரியாதையுடன்,
ஆர்விட் கோல்ஸ்டாட்

(ஐந்தாம் இடத்துக்காகக் காத்திருக்கிறேன்.)


டலூத்
1992 ஜனவரி 27

மதிப்பிற்குரிய வெர்னா அவர்களுக்கு,

உங்கள் பதில் வருவதற்குள் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு விஷயம் தெரிந்துகொண்டு சொல்லாமல் இருப்பது சரியாகப் படவில்லை.

நீங்கள் அனுப்பிய எண்ணைச் சோதித்துப் பார்த்தேன். நம்பிக்கை இல்லாமல் அல்ல. எந்த எண் வந்தாலும் சோதிப்பது என் பழக்கம், உங்களுக்கே தெரியும். முதல் பத்து இடங்களும் சரியாக நின்றன. பதினொன்றிலிருந்து பதினாறு வரையும் ஒரு குறையும் இல்லை. பதினேழாம் இடத்தில் மீதி மூன்று வருகிறது.

அதாவது, பதினேழு இலக்கங்கள் வரை எடுத்துக்கொண்டால் அந்த எண் பதினேழால் வகுபடவில்லை. அப்படியானால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். அதற்குப் பின் வைத்த இலக்கங்களுக்கு மதிப்பு இல்லை. பதினேழாம் இடம் முதலில் ஆடியவருடையது, அதாவது உங்களுடையது என்பது எனக்குத் தெரியும். ஆனால் எதிரில் உட்கார்ந்திருப்பவரும் சோதிக்க வேண்டும் அல்லவா? திரு. டெல்மர் மனக்கணக்காகவே எல்லாவற்றையும் போட்டுவிட்டார் என்று புகழ்ந்திருந்தீர்கள். மனக்கணக்கு நல்ல திறமை. தாளில் போடுவது இன்னும் நல்லது. இதை அவரிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். நான் சொன்னதாகச் சொன்னாலும் ஆட்சேபணை இல்லை.

புதன்கிழமை தரகர் வந்தார். சிவப்புக் கோட்டுப் போட்ட, வேகமாகப் பேசுகிற பெண்மணி. வாசலில் நின்றபடியே, "சார், இந்தத் தெருவுல வீடுன்னா கண்ண மூடிக்கிட்டு வாங்குவாங்க. உள்ள ஒரு தடவ பார்த்துட்டா ஏப்ரலுக்குள்ள முடிச்சிடலாம்" என்றார். பூட்டு பனியில் உறைந்து கிடக்கிறது, சாவியைத் திருப்பினால் ஒடிந்துவிடும், கொஞ்சம் இளகட்டும் என்றேன். "எத்தன நாள்ல இளகும்?" என்று கேட்டார். முன்னறிவிப்பு அவ்வளவு நம்பகமாக இல்லை என்றேன். அவர் தன் அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஹாலிஸ் இதைக் கேட்டுவிட்டு இன்னொரு காப்பி வரவழைத்தான். பதினேழாம் இடத்தைப் பற்றியும் சொன்னதும் கேட்டான்: "அந்த மீதி மூணு வந்தப்ப உனக்கு எப்படி இருந்துச்சு, உண்மையச் சொல்லு." கணக்கில் பிழை தெரிந்தால் ஒரு நிறைவு வரும், அவ்வளவுதான் என்றேன். "நிறைவா? வாயெல்லாம் பல்லா இருக்கு உனக்கு. அந்த டாக்டர்கிட்டயே காட்டிட்டு வா" என்றான்.

அவன் சொல்வதைப் பொருட்படுத்த வேண்டாம். அங்கே திரு. டெல்மர் மரத்திலிருந்து நேராக ஆரஞ்சு பறித்து, உரித்தே தருகிறார் என்று எழுதியிருந்தீர்கள். இந்தக் காலத்தில் பெட்டிக்கடை ஆரஞ்சும் நன்றாகவே இருக்கிறது.

மரியாதையுடன்,
ஆர்விட் கோல்ஸ்டாட்

(ஐந்தாம் இடம் இன்னும் வரவில்லை.)


டலூத்
1992 பிப்ரவரி 9

அன்புள்ள வெர்னா,

வியாழக்கிழமை தொலைபேசியில் உங்கள் குரலைக் கேட்டேன். நீங்கள் இரண்டு விஷயங்கள் சொன்னீர்கள். பிறகு ஒரு கேள்வி கேட்டீர்கள். நான் காற்று வடமேற்கிலிருந்து வீசுகிறது என்று பதில் சொன்னேன். அதற்கு நீங்கள் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பையும், சொன்ன சொற்களையும் அப்படியே வைத்திருக்கிறேன்: "ஆர்விட், பதினேழ மறுபடியும் போட்டுப் பாருங்க. போட்டுட்டு, தயவுசெஞ்சு எட்டாவது இடத்துக்கு வாங்க. நான் அந்த எண்ணுக்கு அடியில கோடு போட்டது எதுக்குன்னு நெனச்சீங்க?"

பதினேழை மறுபடியும் போட்டேன். மீதி வரவில்லை. முதல் முறை, கடைசிக்கு முந்தைய படியில், பதினேழு பெருக்கல் ஏழு நூற்றுப் பத்தொன்பது என்பதற்கு நூற்றுப் பதினேழு என்று கழித்திருக்கிறேன். எந்தக் கணக்கையும் நான் முன்னும் பின்னுமாக இருமுறை போடுவேன். இந்த ஒன்றை ஒருமுறையோடு நிறுத்திவிட்டேன். விடை பிடித்திருந்ததால் நிறுத்தினேன். நான் இதுவரை செய்யாத காரியம். உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். திரு. டெல்மரிடமும் கேட்க வேண்டும். அது இன்னும் கொஞ்சம் கடினமாக இருக்கிறது.

பிறகு இருபத்தைந்தாம் இடம் வரை போனேன். எல்லாம் நிற்கிறது. இன்னொன்றும் செய்தேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது: இருபத்தாறாவது இலக்கம் ஒன்று கிடைக்காதா என்று தேடினேன். கிடைத்தால் அவரைத் தாண்டி ஓர் அடி நான் வைத்ததாக இருக்கும் என்று நினைத்தேன். இருபத்தாறு என்பது இரண்டு பெருக்கல் பதின்மூன்று. பதின்மூன்று அந்த இடத்தில் 1 வேண்டும் என்கிறது, வேறெதையும் ஏற்காது. இரண்டோ, ஒற்றைப்படை இலக்கம் கூடாது என்கிறது. இரு எண்களையும் சமாதானப்படுத்த வேண்டுமென்றால் பதினான்கு வேண்டும். ஓர் இடத்தில் பதினான்கை எப்படி வைப்பது? நீங்கள் எழுதியது சரி. அந்த எண் அங்கே முடிகிறது.

அதன்பின் நீங்கள் சொன்னபடி எட்டாம் இடத்துக்கு வந்தேன்.

3, 6, 0, 8, 5, 2, 8. இந்த ஏழு இலக்கங்களையும் வரிசையாகச் சொல்லிப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. என் தங்கை இறந்த வருடம் நாம் ஆடிய ஆட்டம் இது. ஏழாம் இடத்தில் நீங்கள் 1 வைத்திருக்கலாம், 8 வைத்தீர்கள். அதைப் பிரித்துப் படித்தபோது சமையலறை சன்னலருகே நின்றிருந்தது வரை நினைவிருக்கிறது. எட்டாம் இடம் என்னுடையது. அங்கே எனக்கு இரண்டு இலக்கங்கள் இருந்தன, 0-வும் 8-ம். நான் 0 வைத்தேன்.

ஏன் என்று கேட்டால் பெரிய காரணம் எதுவும் இல்லை. இரண்டு இருந்தால் சிறியதை எடுத்துக்கொள்வது என் வழக்கம். தட்டில் இரண்டு ரொட்டி இருந்தாலும் அப்படித்தான். அதன்பின் எல்லாம் கட்டாயம்: 4, 0, 7, 2, 8, 8, 5. பதினாறாம் இடத்தில் எனக்குப் பதினான்கு தேவைப்பட்டது, தோற்றேன். நீங்கள் அப்போது எழுதிய வரி, "நல்லா ஆடுனீங்க, ஆர்விட். கொஞ்சம் சீக்கிரம் முடிஞ்சிடுச்சு." வெற்றி பெற்றவர் ஏன் வருத்தப்படுகிறார் என்று அன்று எனக்கு விளங்கவில்லை. பண்பு என்று எடுத்துக்கொண்டேன்.

இன்று பார்க்கிறேன். அந்த நீளமான எண்ணில் யாராவது தேர்ந்தெடுக்க முடிந்த கடைசி இடம் அந்த எட்டாவதுதான். அதற்குப் பின் ஒவ்வோர் இடத்திலும் ஒன்றே ஒன்றுதான் பொருந்துகிறது. நீங்கள் அன்றே என்னை அதன் வாசல்வரை கூட்டிவந்து நிறுத்தியிருக்கிறீர்கள். நான் 8 வைத்திருந்தாலும் தோற்றுத்தான் இருப்பேன், அதிலும் கடைசியில் எனக்கு வேண்டியிருந்தது அதே பதினான்குதான். ஆனால் இருபத்தாறாம் இடத்தில் தோற்றிருப்பேன். இடையில் இன்னும் பத்துக் கடிதங்கள் வந்து போயிருக்கும். நீங்கள் அதைச் சொல்லாமல் விட்டீர்கள், நான் கேட்காமல் விட்டேன். அதே ஏழு இலக்கங்களை டூசானில் ஒரு மேசைமேல் மறுபடி வைத்தீர்கள். எதிரில் இருந்தவர், தட்டில் இருப்பதில் பெரியதை எடுக்கிறவர், 8 என்றார்.

வெர்னா, எனக்கு அவர்மேல் பொறாமை. இந்தச் சொல்லை நேராக எழுதிவிட முடியுமா என்று பார்த்தேன், எழுத முடிகிறது. அவருடைய மனக்கணக்கின்மேல் இல்லை. ஆரஞ்சு மரத்தின்மேல் கொஞ்சம் உண்டு. உங்களுக்கு எதிரே உட்கார்ந்து, அடுத்த இலக்கத்தை நீங்கள் சொல்லும்போது உங்கள் முகத்தைப் பார்க்க முடிந்ததே, அதன்மேல்தான் எல்லாம். இத்தனை ஆட்டங்களில் நான் ஒருமுறையும் அதைப் பார்த்ததில்லை. இரண்டு தெரு நடந்தால் போதும் என்று இருந்தபோதே பார்க்கவில்லை.

நேற்று இதைக் கொஞ்சம் மழுப்பி ஹாலிஸிடம் சொன்னேன். அவன் கோப்பையைத் தட்டில் வைத்துவிட்டு, "எல்லாம் சரிப்பா. அந்தம்மா போன்ல ஒண்ணு கேட்டாங்கன்னியே, என்ன கேட்டாங்க?" என்றான். வீட்டுத் தரகரிடம் என்ன சொல்லட்டும் என்று கேட்டார்கள் என்றேன். "நீ என்ன சொன்ன?" வடமேற்குக் காற்று என்றேன். அவன் தலையில் அடித்துக்கொண்டான். "அவங்க ஒங்கிட்ட வீட்டப் பத்தியா கேட்டாங்க? காத்தப் பத்திப் பேசறானாம்! போய் எழுதுடா. இன்னிக்கே எழுது. பொடி எழுத்தா எழுதாத, அவங்களுக்குக் கண்ணு தெரியணும்."

ஆகையால் எழுதுகிறேன். உங்கள் வீட்டுப் பூட்டு உறையவில்லை. ஒருபோதும் உறையவில்லை. நான் வாரம் இருமுறை உள்ளே போகிறேன், சாவி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்குகிறது. அந்தப் பெண்மணியை நான் வாசலோடு அனுப்பினேன், ஏனென்றால் அவர் உள்ளே போய் உங்கள் சமையலறையைச் சுவரிலிருந்து சுவர்வரை அளப்பதை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. நீங்கள் விற்கத்தான் வேண்டும் என்றால் ஒரு வார்த்தை எழுதுங்கள், மறுநாளே சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு, அந்த வெப்பமானியை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்வேன். இரண்டு பாகையோடு அப்படியே வைத்துக்கொள்வேன்.

விற்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று இந்த வரியை எழுதுவதற்குமுன் நெடுநேரம் யோசித்தேன். உரிமை இல்லை. ஆனாலும் விற்க வேண்டாம்.

ஏப்ரலில் பனி இளகும். முதல் கப்பல் வரும்போது பாலம் தூக்கும் சத்தம் உங்கள் பின்வாசல்வரை கேட்கும். இப்போது பாதியில் நிற்கும் ஆட்டத்தை அப்படியே விட்டுவிடலாம், ஐந்தாம் இடத்தை நான் இனிக் கேட்கமாட்டேன். அதற்குப் பதில் ஒன்று கேட்கிறேன். பெட்டியில் விழுந்த இலக்கம் விழுந்ததுதான் என்று விதி செய்தவன் நான். அந்த விதியை நானே உடைத்து, பழைய ஆட்டத்தில் வைத்த அந்த 0-வைத் திரும்பப் பெற்றுக்கொள்ள உங்கள் அனுமதி வேண்டும். உங்களுடைய 4-க்கு நான் அனுமதி தரவில்லை என்பதை மறந்துவிடவில்லை. அதை மனத்தில் வைக்காமல் இருக்கும்படி வேண்டுகிறேன்.

அனுமதித்தால் அதற்குப் பின் நீங்கள் யோசிக்க எதுவும் இல்லை. அடுத்து நீங்கள் எழுத வேண்டியது 5. அதற்கு நான் 0. அதன்பின் வருவது எல்லாம் நம் இருவருக்கும் தெரியும். தெரிந்ததையே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போவதில் எனக்குச் சலிப்பு வராது. சில இலக்கங்கள் அஞ்சலில் வரட்டும். மீதியை உங்கள் சமையலறை மேசையில் வைத்துக்கொள்ளலாம், நீங்கள் வந்த பிறகு. நான் இரண்டு தெரு நடந்து வருவேன். இருபத்தாறாம் இடத்தில் என்னிடம் வைப்பதற்கு எதுவும் இருக்காது. அதை உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்லித் தோற்க ஆசைப்படுகிறேன்.

உங்கள் இடுப்பு முழுதாகக் குணமாகட்டும். படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அங்கே வெயில் எவ்வளவு நன்றாக இருந்தாலும், இங்கே உங்கள் வீட்டில் வெந்நீர்க் குழாய் வேலை செய்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

உங்கள்
ஆர்விட்

எட்டாம் இடம்: 8